அட்டை இல்லாத விருந்தாளிகள்

சியூ-சின்னை அரசாங்கம் நம்பத் தொடங்கிய நாளிலிருந்துதான் அவளுடைய தூக்கம் போயிற்று.

அதற்கு முன்பு அவளை யாரும் நம்பவில்லை, அவளும் நிம்மதியாக இருந்தாள். தைவானின் தெற்குக் கரையில், துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம் அவளும் கணவன் ஆ-துங்கும் ஒரு பேக்கரி நடத்தினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் நிலாத் திருநாளுக்கு முன்னால், கடல் கடந்து போய்விட்ட ஊர்க்காரர்களுக்காக ஒரு கன்டெய்னர் நிறைய, பூரணம் வைத்த நிலாக் கேக் அனுப்புவார்கள். சுங்கத்தில் யாரோ ஒருவர் அந்தப் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்ப்பார். எக்ஸ்ரே கருவிக்குள் ஓட்டுவார். உள்ளே வட்டவட்டமாகத் தெரிவதைக் கண்டு கொட்டாவி விடுவார். மதியச் சாப்பாட்டுக்குள் பெட்டி கப்பலில் ஏறிவிடும்.

பிறகு 'வணிக-சுங்க நம்பிக்கைக் கூட்டுறவு மையம்' என்று ஒன்று முளைத்தது. அதன் இயக்குநர் தெங், ஒரு கூடை ஆப்பிளோடு பேக்கரிக்கு வந்தார். ஐம்பது வயது, வழவழப்பான முகம், எதிரே இருப்பவர் பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டே தான் அடுத்துப் பேசப் போவதை யோசிக்கிற பழக்கம்.

"முதலாளியம்மா, உலக வர்த்தகம் ஒரு சங்கிலி. நீங்க அதுல ஒரு கண்ணி. கண்ணி சின்னதா இருக்கலாம், ஆனா கெட்டவன் அங்கதான் கை வைப்பான். நாங்க உங்களைப் பிடிக்க வரல. உங்களோட கைகோத்துக்க வந்திருக்கோம்."

"கைகோத்தா என்ன கிடைக்கும் சார்?"

"பச்சை வழி. உங்க பெட்டி எங்கயும் நிக்காது. நம்பிக்கைப் பங்காளியை யாரு நிறுத்துவா?"

அவள் கைகோத்தாள்.

முதலில் வேலி வந்தது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் இருந்த கதவுகளை அடைத்து, ஆள் போனாலும் மாவு மூட்டை போனாலும் ஒரே வாசல் வழியாகத்தான் என்றாக்கினார்கள். அடுத்து கேமராக்கள் வந்தன. அவற்றை யாரும் திருடிவிடக் கூடாது என்று அவற்றைப் பார்க்க இன்னொரு கேமரா. மாவுக் கிடங்குக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி அவளிடம், ஒரு சாவி கணவனிடம். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்ட நாளில் ஊருக்கு ரொட்டி கிடைக்கவில்லை. வளாகத்துக்குள் நடமாடும் ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். பேக்கரிப் பூனைக்கும் ஒன்று போட நேர்ந்தது. பிரிவு என்ற இடத்தில் 'எலிக் கட்டுப்பாடு' என்று ஆ-துங் எழுதிக் கொடுத்தான். அதை மையம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவும் முடிந்து சான்றிதழ் சட்டத்துக்குள் ஏறிச் சுவரில் தொங்கிய ஆண்டு, அவள் பெட்டியை மூன்று இடத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். நிலாத் திருநாளுக்கு முந்தின நாள்தான் அது போய்ச் சேர்ந்தது.

"சார், நம்பறோம்னு சொன்னீங்களே," என்று கேட்கப் போனாள் சியூ-சின்.

இயக்குநர் தெங் அவளைப் பரிவோடு பார்த்தார். "நம்பாதவங்களைச் சோதிச்சு என்ன பிரயோஜனம் அம்மா? அவங்க தப்பு பண்ணுவாங்கன்னு ஏற்கெனவே தெரியும். நம்பினவங்களைத்தானே சரிபார்க்கணும்? நீங்க யாரோட போனை எடுத்துப் பார்ப்பீங்க? பக்கத்து வீட்டுக்காரரோடதா, உங்க வீட்டுக்காரரோடதா?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் எங்கோ ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள் வீடு வந்துவிட்டது.

இந்த ஆண்டு மட்டும் பெட்டி தாமதமாகக் கூடாது. காரணம் ஜுன்-யா.

ஜுன்-யா அவர்களுடைய ஒரே மகள். பேக்கரி அவளுக்குத்தான் என்று ஆ-துங் அவள் பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டான். அவளோ நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் மீன் வளர்ப்புப் படித்த ஒருவனைக் கட்டிக்கொண்டு கனடாவில் வான்கூவருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஆ-துங் அவள் பெயரைச் சொல்வதில்லை. மருமகனுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டதே இல்லை. சியூ-சின் மகளோடு தொலைபேசியில் பேசும்போது அவன் எழுந்து அடுப்பறைக்குள் போய்விடுவான். போனவன் கதவைச் சாத்த மாட்டான்.

இந்த வசந்த காலத்தில் ஜுன்-யா அங்கே ஒரு சின்னக் கடை திறந்தாள். பேக்கரிக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். 'அப்பா' என்றோ 'அம்மா' என்றோ இல்லை. 'மதிப்பிற்குரிய உரிமையாளருக்கு, நிலாத் திருநாளுக்கு ஒரு முழுக் கன்டெய்னர் சரக்கு தேவை' என்று கடைக்காரி கடைக்காரருக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தாள். ஆ-துங் அதைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மாலையில் வந்து, "அந்த ஊர்ல இனிப்பு இவ்வளவு தின்ன மாட்டாங்க. சர்க்கரையைக் குறைக்கணும்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அந்த ஆண்டு பயற்றம்பூரணத்தை வேறு யாரையும் கிளற விடவில்லை. பெட்டிகளைத் தானே தூக்கிக் கன்டெய்னரில் ஏற்றினான். சியூ-சின் முப்பது ஆண்டு அவனோடு குடித்தனம் நடத்தியவள். அந்தக் கன்டெய்னரில் போவது கேக் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். அது திருநாளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் மறுபடி பேசிக்கொள்வார்கள். திருநாள் கழிந்து போய்ச் சேர்ந்தால் அது வெறும் பழைய பலகாரம். அதை யாரும் தொட மாட்டார்கள்.

கப்பல் புறப்பட நான்கு நாள் இருக்கும்போது ஏழாம் மாதத்துப் பௌர்ணமி வந்தது.

ஏழாம் மாதம் கீழுலகத்தின் கதவு திறக்கிற மாதம். சோறு போட ஆளில்லாத ஆவிகள் ஊருக்குள் வரும். அவற்றை ஆவி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நல்லண்ணன்மார் என்பார்கள். பௌர்ணமியன்று ஒவ்வொரு கடையும், வங்கியும், தொழிற்சாலையும் வாசலில் மேசை போட்டு அவர்களுக்கு விருந்து வைக்கும். சியூ-சின்னும் வைத்தாள். கோழி, பன்றி இறைச்சி, பழங்கள், பீர், பிஸ்கட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஊதுபத்தி. மேசைக்கு அருகே ஒரு பேசினில் தண்ணீர், புதுத் துண்டு, சீப்பு, கண்ணாடி. வேலிக்கு ஒரே வாசல் என்பதால் மேசையும் அங்கேதான், சரக்கேற்றிக்கொண்டு கதவு திறந்து நின்ற கன்டெய்னரும் அங்கேதான்.

மறு ஆய்வுக்காக இயக்குநர் தெங் வந்து இறங்கியதும் அப்போதுதான்.

அவர் முதலில் மூன்று ஊதுபத்தி கேட்டு வாங்கினார். கண்ணை மூடிக் குனிந்து குனிந்து நெடுநேரம் வேண்டிக்கொண்டார். அவர் பக்தியைப் பார்த்து சியூ-சின்னுக்குக்கூட மனம் இளகியது. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இந்தத் தண்ணியும் துண்டும் யாருக்கு?"

"நல்லண்ணன்மாருக்கு சார். ரொம்ப தூரத்துலேருந்து வர்றாங்க. முகம் கழுவணும் இல்லியா?"

"எத்தனை பேர் வர்றாங்க?"

"அதை யாரு எண்ணினா?"

"அடையாள அட்டை?"

"அடையாளம் இருந்தா அவங்க அவங்க வீட்டுக்கே போயிருப்பாங்களே சார். யாரும் இல்லாதவங்கன்னுதான நாம சோறு போடறோம்."

அவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "அடையாளம் தெரியாத நபர்கள். எண்ணிக்கை தெரியாது. நிறுவனமே அழைத்திருக்கிறது. திறந்த கன்டெய்னருக்கு அருகில் உணவும் மதுவும் கொடுத்து உபசரித்திருக்கிறது."

"சார், இது சாமி காரியம். உங்க வீட்டுலயும் செய்வீங்கதானே?"

"செய்யறேன். அதுதான் அம்மா சிக்கலே," என்றார் அவர் வருத்தத்தோடு. "இதுல நம்பிக்கை இல்லாத ஆளா இருந்தா 'மேசை மேல பழம்'னு எழுதிட்டுப் போயிருப்பேன். நான் அப்படி இல்ல. அவங்க வந்திருக்காங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் எழுதாம விட்டா கடமை தவறினவன் ஆயிடுவேன். இப்ப நீங்களே சொல்லுங்க, பெட்டிக்குள்ள யாரும் ஏறலன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா?"

சியூ-சின் கன்டெய்னரைப் பார்த்தாள். சாமி காரியத்தில் அவள் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. "எப்படி சார் சொல்ல முடியும்?"

"அதானே."

அட்டைப் பெட்டி சுமந்துகொண்டிருந்த ஆ-துங்குக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏறினாத்தான் என்ன? வழியில கேக்கு தின்னுக்கிட்டே வான்கூவர் போய்ச் சேருவாங்க. அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்க, பாத்துக்குவாங்க."

இயக்குநரின் பேனா நின்றது. "அப்படின்னா இது அனுமதி இல்லாத குடியேற்றமும் ஆகுது. அந்தப் பிரிவுக்கும் ஒரு நகல் போடணும்."

சியூ-சின் கணவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் பெட்டியோடு உள்ளே போய்விட்டான். கன்டெய்னரை மூடிச் சீல் வைத்து மஞ்சள் நாடா சுற்றினார்கள். மையத்தின் லாரி வந்து அதை மையத்தின் முற்றத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. போகும்போது இயக்குநர் பழத் தட்டைக் காட்டி, "இதைச் சாப்பிடலாமா? அவங்க முடிச்சிருப்பாங்க இல்ல?" என்று கேட்டு ஒரு கொய்யாப்பழம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மையத்தில் அவசரக் கூட்டம். சியூ-சின் உள்ளே நுழையும்போதே மையத்தின் வாசலில் இன்னும் அகற்றாத ஒரு விருந்து மேசையைப் பார்த்தாள். அவளுடையதைப்போல் மூன்று மடங்கு நீளம். முழுப் பன்றி. பேசின், துண்டு, சீப்பு எல்லாம் இருந்தன. பக்கத்திலேயே, மஞ்சள் நாடா சுற்றிய அவள் கன்டெய்னர் வெயிலில் நின்றது.

"சார், நீங்களும்தான் விருந்து வெச்சிருக்கீங்க."

"எங்க வாசலுக்கு வர்றவங்க வேற அம்மா. அவங்க பெரும்பாலும் எங்க முன்னாள் ஊழியர்கள். பின்னணி விசாரிச்சு எடுத்தவங்க."

கூட்ட அறைக் கணினி மேல் ஒரு பச்சைத் தின்பண்டப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. கருவி மக்கர் பண்ணாமல் இருக்க இந்த ஊரில் எல்லா இயந்திரத்தின் மேலும் ஒன்று வைப்பார்கள். அந்த அலுவலகத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்தது அந்தப் பொட்டலம் ஒன்றுதான் என்று சியூ-சின் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்லண்ணன்மாரை எந்த வகையில் சேர்ப்பது என்று காலை முழுவதும் பேசினார்கள். வாடிக்கையாளர்கள் என்றார் ஒருவர், தின்கிறார்களே. ஒப்பந்தக்காரர்கள் என்றார் இன்னொருவர், விருந்துக்குப் பதிலாகக் கடைக்குத் தொல்லை கொடுக்காமல் இருக்கிறார்களே, அது ஒரு சேவைதானே. ஆபத்து மதிப்பீட்டுப் பிரிவின் அம்மையார், அவர்கள் இறந்தவர்கள் என்பதால் ஆபத்து குறைவா அதிகமா என்று கேட்டார். அதற்கு யாரிடமும் அளவுகோல் இல்லை. கடைசியில் வருகையாளர்கள் என்று முடிவாயிற்று.

"வருகையாளர்னா அட்டை கொடுக்கணும்," என்றார் இயக்குநர்.

"செத்தவங்களுக்கு எப்படி சார் அட்டை கொடுக்கறது?"

"காகிதப் பணம் எப்படிக் கொடுக்கறீங்க? எரிச்சுத்தானே? அட்டையையும் எரிங்க. போய்ச் சேரும். முறைப்படி செஞ்சிட்டா நாளைக்கே பெட்டியை விடறோம். நாங்க உதவத்தான் இருக்கோம்."

சியூ-சின் நூறு காகித அட்டை அடித்தாள். படத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டாள். ஒரு ஊதுபத்தி கொளுத்தி, "கோவிச்சுக்காதீங்கப்பா, இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டா என் பொண்ணு கடைக்குச் சரக்கு போகும்," என்று வேண்டிக்கொண்டு, மையத்து அலுவலர் ஒருவர் முன்னிலையில் எல்லாவற்றையும் எரித்தாள். அலுவலர் சாம்பலைப் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பெட்டியை எடுத்துவரப் போனவளிடம் இயக்குநர் கையை நீட்டினார்.

"அட்டைகள்?"

"எந்த அட்டைகள்?"

"வருகையாளர் திரும்பிப் போறப்ப அட்டையைத் திருப்பிக் கொடுக்கணும் இல்லியா? நூறு கொடுத்திருக்கீங்க. எத்தனை திரும்பி வந்தது?"

சியூ-சின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேலி பண்ணுகிறாரோ என்று அவர் கண்ணில் தேடினாள். அங்கே அக்கறை மட்டும்தான் இருந்தது.

"எரிச்சதை எப்படி சார் திருப்பிக் கொடுப்பாங்க?"

"அப்ப நூறு பேரும் இன்னும் உள்ள இருக்காங்க," என்றார் அவர் மெல்ல. "முந்தாநாள் வரைக்கும் எத்தனை பேர்னு தெரியாது. இப்ப நூறுன்னு ஆதாரத்தோட தெரிஞ்சுபோச்சு. நிலைமை மோசமாயிருக்கு அம்மா."

"நீங்க சொல்லித்தானே எரிச்சேன்?"

"அதுதான் கூட்டுறவு. நாங்க சொல்றதை நீங்க செய்யறது, நீங்க செஞ்சதை நாங்க சரிபார்க்கறது."

அவர்கள் வெளியேறிவிட்டார்கள் என்று ஒரு பூசாரி உறுதி கொடுத்தால் போதும் என்றது மையம். சியூ-சின் கோயிலுக்குத் தொலைபேசி போட்டாள். பூசாரி பாதியில் குறுக்கிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் அவங்களுக்கு லீவும்மா. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவுல வந்தவங்களை நடுவுல துரத்த நான் என்ன மேனேஜரா? அப்படித் துரத்தினா அப்புறம் என் வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவாங்க." அதோடு, பூசாரியும் நம்பிக்கைப் பங்காளியாகப் பதிந்தவராக இருக்க வேண்டும் என்று மையம் பிற்பகலில் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தது. கோயிலுக்கு ஏழு வாசல். வேலியே இல்லை.

சுங்க முகவர் ஆ-பியாவ் அன்று மாலை பேக்கரிக்கு வந்தான். வெற்றிலைப்பாக்கைக் குதப்பிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டான். கேட்டு முடித்ததும் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டுச் சொன்னான்.

"அக்கா, தப்பு உன்மேலதான். உன்னை நம்பச் சொல்லி அவங்ககிட்ட யாரு சொன்னது?"

"நானா சொன்னேன்? அவங்களா வந்து நம்பினாங்க."

"உன் பக்கத்துல பழைய இரும்புக் கடை வெச்சிருக்கானே, அவனைப் பாரு. அவன் மூஞ்சியைப் பாத்தா அவன் பொண்டாட்டியே நம்ப மாட்டா. காலையில பெட்டி போகுது, எக்ஸ்ரே எடுக்கறாங்க, மதியம் கப்பல்ல. நாளைக்குப் போயி அந்தச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துடு. 'நான் சாதாரணப் பொம்பளை, என்னைச் சந்தேகப்படுங்க'ன்னு காலைப் பிடி. ஒரு நாள் இருக்கு. நான் பெட்டியை ஏத்திடறேன்."

அதில் அவளுக்கு உயிர் வந்தது. விடிந்ததும் சுவரிலிருந்து சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனாள்.

"சார், எனக்கு இந்த நம்பிக்கை வேணாம். நீங்க என்னை நம்பாம இருந்தாப் போதும்."

இயக்குநர் தெங்கின் முகத்தில் முதல் முறையாக அடிபட்ட சாயல் தெரிந்தது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மா, இருபது வருஷம் நான் சாதாரணச் சுங்கத்துல இருந்தேன். பெட்டியைத் திறப்பேன், மூடுவேன், அனுப்புவேன். ஒருத்தர்கூட என்னைத் தெரிஞ்சுக்கல. இங்க வந்தப்புறம்தான் வெளிநாட்டு மாநாட்டுக்குக் கூப்பிடறாங்க. எத்தனை பங்காளின்னு கேக்கறாங்க. எத்தனை பெட்டி போச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. போன வருஷம் நூற்றிநாற்பது பங்காளி. நீங்க போனா நூற்றிமுப்பத்தொம்பது. குறையற கணக்கை மேடையில எப்படிக் காட்டுவேன்?"

"எனக்குப் பெட்டி போகணும் சார். எம் பொண்ணு கடை."

"புரியுது. ஆனா ஒருத்தர் நம்பிக்கையிலேருந்து விலகறாங்கன்னா அது சாதாரண விஷயமா? மறைக்க ஒண்ணும் இல்லாதவங்க எதுக்கு விலகணும்? விலகல் ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு. மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க பெட்டி எதுவும் அசையக் கூடாது." அவர் குரல் தழைந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். நேரா வந்து, வேணாம்னு முகத்துக்கு நேரா சொன்னீங்களே, இந்த நேர்மை யாருக்கு வரும்? உங்க தரத்தை ஒரு படி உயர்த்தச் சொல்லி எழுதறேன்."

"உயர்த்தினா என்ன ஆகும்?"

"இன்னும் கவனமாப் பாத்துக்குவோம்."

அன்று பிற்பகல் கப்பல் புறப்பட்டது. பேக்கரி மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் வாய் தெரியும். சியூ-சின் பார்க்கப் போகவில்லை. கீழே, மாவு ஒட்டிய மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வேலி, கேமரா, இரண்டு சாவி, பூனைக்கு அட்டை, எல்லாவற்றையும் அவளே காசு கொடுத்து வாங்கித் தன் வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறாள். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் ஆபத்து மதிப்பீட்டுப் பிரிவின் கேமராவில் பதியும்.

ஆ-துங் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கப்பலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவன் முகமே சொன்னது.

"ஆ-துங், அவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் அவள். "ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா, எங்க அப்பா செஞ்ச கேக்கு வருதுன்னு."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "அப்படியா சொல்லியிருக்கா?"

"கடை வாசல்லயே எழுதி ஒட்டியிருக்கா."

அவன் அடுப்புப் பக்கம் போனான், திரும்பி வந்தான். மேசை மேலிருந்த துணியை எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்தான்.

"அந்த ஊர்ல பயத்தம்பருப்பு கிடைக்குமா?"

"கிடைக்காம என்ன? நம்மாளுங்க கடை தெருத் தெருவா இருக்கு."

"அவ அடுப்பு எவ்வளவு பெருசு?"

சியூ-சின் துணியை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "நீயே போயி அளந்து பாரு."

மூன்றாம் நாள் அவன் விமானம் ஏறினான். பெட்டியில் நாலு சட்டை, இரண்டு மர அச்சு, மாவு சலிக்கிற சல்லடை. விமான நிலையத்தில் அவனை யாருக்கும் தெரியாது, யாரும் நம்பவுமில்லை. பெட்டியைத் திறந்து கொட்டினார்கள், அச்சைத் தட்டிப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அரைமணியில் எல்லாம் முடிந்து, போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

ஏழாம் மாதம் முடிந்தது. கீழுலகத்தின் கதவு சாத்தியாயிற்று. எட்டாம் மாதத்தின் முதல் நாள் காலை, இயக்குநர் தெங் ஆட்களோடு பேக்கரி வாசலில் வந்து இறங்கினார். பின்னாலேயே லாரியில் கன்டெய்னர். அவர் கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட புதுச் சான்றிதழ் ஒன்று இருந்தது.

"வாழ்த்துகள் அம்மா. விருந்தாளிங்க எல்லாரும் போயாச்சு. பெட்டியை விடுவிச்சாச்சு."

"திறந்து பாத்தீங்களா?"

"எதுக்கு? உங்களை நம்பறோமே." அவர் சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார். "இது இந்த வருஷத்தோட மிகப் பாதுகாப்பான கண்ணிங்கற விருது. உங்க பெட்டிக்கு வழியில ஒரு சேதமும் இல்ல, திருட்டும் இல்ல, தாமதப் புகாரும் இல்ல."

"அது எங்கயும் போகவே இல்லியே சார்."

"அதனாலதான்," என்றார் அவர் உண்மையான பெருமிதத்தோடு. "நகர்ற பெட்டிக்குத்தான் ஆபத்து. நகராத பெட்டிக்கு ஒரு ஆபத்தும் இல்ல. எத்தனையோ நாடு இதைச் சாதிக்க முடியாம தவிக்குது. அடுத்த மாசம் மாநாட்டுல உங்க பெட்டியோட படத்தைத்தான் காட்டப் போறேன்."

சியூ-சின் சான்றிதழை வாங்கவில்லை. இனிக் கப்பலில் ஏற்றினாலும் திருநாள் கழிந்துதான் போய்ச் சேரும். உள்ளூர்க் கடைகளில் பாதி விலைக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்களும் ஏற்கெனவே வாங்கி அடுக்கியிருப்பார்கள். அவள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் பையில் தொலைபேசி அடித்தது.

படத்தோடு பேசும் அழைப்பு. திரையில் ஜுன்-யாவின் முகம் முழுதாகத் தெரியவில்லை. ஒரு கன்னம், அதில் மாவு. பின்னால் ஒரு குறுகலான சமையலறை. மூலையில் மீன் படித்த மருமகன் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா," என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "அப்பா என்னைத் திட்டறார்."

சியூ-சின் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திட்டறாரா?"

"காலையிலேருந்து. மாவைப் பிசைஞ்சா இப்படியா பிசைவேன்னு. கடைக்கு முன்னால வரிசை நிக்குது, ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல செய்ய முடியல, பாதிப்பேரைத் திருப்பி அனுப்பறேன். எல்லாம் என் தப்பாம், அடுப்பு சின்னதாம். இவரையும் திட்டறார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டறார்."

இயக்குநர் தெங் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அது யாரு அம்மா? எந்த இடம்?"

"என் வீட்டுக்காரர். வான்கூவர்ல எங்க பொண்ணு கடையில நிலாக் கேக்கு செய்யறார்."

"அப்படின்னா சரக்கு போய்ச் சேந்துடுச்சா?"

"சரக்கு இதோ லாரி மேல நிக்குது. செய்யற ஆள்தான் போயிருக்கார்."

அவர் யோசித்தார். அந்த வழவழப்பான நெற்றியில் மெல்ல ஒரு கோடு விழுந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"அவர் கிளம்பறப்ப சீல் வெச்சீங்களா?"

திரையில் மகளின் கன்னம் விலகியது. அந்த இடத்தில் வியர்வையும் மாவுமாக ஆ-துங்கின் முகம் வந்தது. அவன் சியூ-சின்னைப் பார்க்கக்கூட இல்லை. பக்கவாட்டில் திரும்பி, "ஜுன்-யா, அங்க என்ன பேச்சு, அடுப்பைப் பாரு, கருகுது," என்றான். நான்கு ஆண்டில் அந்தப் பெயர் அவன் வாயில் வந்து அவள் காதில் விழுவது அதுதான் முதல் தடவை.

"முதலாளியம்மா, அந்த அடுப்பறைக்கு வேலி இருக்கா?" என்றார் இயக்குநர். "உள்ள வர்றவங்களுக்கு அட்டை..."

சியூ-சின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க. என் வீட்டுக்காரர் பேசறார்."